78-ம் எல்பியும் ஒரே கரைசல்ல கழுவலாமா?

தட்டுப்பெட்டி:
பழைய இசைத்தட்டு கலவையா ஒரு லாட் கையில இருக்கு. 10 அங்குல 78 (நிமிஷத்துக்கு 78 சுத்து ஓடுற பழைய கிராமபோன் தட்டு) சுமார் நாற்பது, எல்பி (33⅓ சுத்து) இருபத்தஞ்சு, ஏழு அங்குல 45 (45 சுத்து) கொஞ்சம். 78-ல பாதிக்கு மேல பூஞ்சை. எல்பில தூசி, விரல் ரேகை, ரெண்டு மூணுல பால் மாதிரி ஒரு மங்கல்.

கலக்கலாம்னு நினைக்கிறது: ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, ஆர்.ஓ. தண்ணி மூணு பங்கு, பாத்திரம் கழுவுற திரவம் நாலு சொட்டு. மைக்ரோஃபைபர் துணியால துடைச்சு அப்படியே காயவிடுறதா திட்டம். எல்லாத்துக்கும் இது ஒண்ணே போதுமா? கை வைக்கிறதுக்கு முன்னாடி கேட்டுக்கிறேன்.

அவலரக்கு:
முன்னாடியே கேட்டது நல்லது. முதல் வேலையா அந்த ஆல்கஹால் பாட்டிலை 78 இருக்கிற மேசையை விட்டே எடுத்துருங்க.

78 தட்டு எடையில பெரும்பங்கு கல்மாவு மாதிரி தாதுப்பொடி. கருப்பு நிறத்துக்குக் கரிப்பொடி. இதையெல்லாம் ஒட்டிப் பிடிச்சிட்டிருக்கிற பசைதான் அரக்கு. மர பாலிஷ் போடுறவங்க அவலரக்கை எதுல ஊறவெச்சுக் கரைக்கிறாங்க? ஸ்பிரிட்ல. தட்டு மேல ஊத்தினாலும் அதே கதைதான். பசை இளகும், பொடி கழண்டு வரும், பளபளப்பு போய் அந்த இடம் சாம்பல் பூத்த மாதிரி ஆயிடும். "தண்ணி கலந்துதானே போடுறேன்"னு ஒரு வாதம் எப்பவும் வரும். தண்ணி கலந்தா மெதுவா நடக்கும், அவ்வளவுதான். க்ரூவ், அதாவது முள் ஓடுற பள்ளக்கோடு, அதோட சுவர்ல பாட்டுங்கிறது மைக்ரான் கணக்குல செதுக்கின வளைவு. அதுல கொஞ்சம் போனாலும் போனது போனதுதான்.

இன்னொரு எதிரியைப் பத்தி யாரும் பேசுறதில்ல: காரம். வெங்காரத் தண்ணியில, அம்மோனியாவுல அரக்கு கரையும். அதனால அம்மோனியா சேர்ந்த கண்ணாடி கிளீனர், சலவை சோடா, துணி துவைக்கிற பவுடர் எதுவும் 78 கிட்ட வரக்கூடாது. பாட்டில்ல "ஆல்கஹால் இல்லாதது"ன்னு இருந்தா மட்டும் போதாது.

எல்பி விஷயம் வேற. அது வினைல்ங்கிற பிளாஸ்டிக், வேற கரைசல், வேற முறை. அதை முப்பத்துமூணு சார் சொல்லட்டும்.

முப்பத்துமூணு:
சொல்றேன். அதுக்கு முன்னாடி பிரிச்சு அடுக்கணும். லேபிள்ல 78-னு இருந்தா அரக்குன்னு அர்த்தம் இல்ல. ரெண்டாம் உலகப்போர்க் காலத்துல வீரர்களுக்கு அனுப்பின வி-டிஸ்க் எல்லாம் 78 வேகம்தான், ஆனா பெரும்பாலும் வினைல். குழந்தைகளுக்கான 78-லயும் வினைல் உண்டு.

அரக்குன்னா கனமா, குளிர்ச்சியா இருக்கும். விளிம்புல விரல் நகத்தால தட்டினா பீங்கான் தட்டு மாதிரி 'ணங்'னு கேக்கும். வினைல் 'டப்'னு மந்தமா கேக்கும். வளைச்சுப் பார்த்துத் தெரிஞ்சுக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க, அரக்கா இருந்தா பதில் ரெண்டு துண்டா கிடைக்கும். விளிம்புல சின்னதா உடைஞ்ச இடம் இருந்தா லென்ஸ் வெச்சுப் பாருங்க: மண்ணு மாதிரி சொரசொரன்னு இருந்தா அரக்கு. அப்பவும் சந்தேகமா இருந்தா அரக்குன்னே வெச்சுக்கோங்க. அரக்குக்கான முறையில கழுவினா வினைலுக்கு ஒண்ணும் ஆகாது.

45-லயும் ஒரு எச்சரிக்கை. சிலது பாலிஸ்டைரீன். விறைப்பா, லேசா, தட்டினா மலிவு பிளாஸ்டிக் சத்தம் கேக்கும். அதுக்கு அசிட்டோன், தின்னர் மாதிரி எதுவும் ஆகாது.

பழையமுள்:
அரக்கு, வினைல்னு ரெண்டே ஜாதி இல்ல. தண்ணியே படக்கூடாத தட்டுகளைச் சேர்த்துக்கிறேன்.

எடிசன் டைமண்ட் டிஸ்க், 1912-லேருந்து 1929 வரைக்கும் வந்தது. கால் அங்குல கனம், பார்த்தவுடனே தெரியும். மேல பினாலிக் வார்னிஷ், உள்ளே மரத்தூளோ வெள்ளைக் களிமண்ணோ. விளிம்பு வழியா ஈரம் இறங்கினா உள்கட்டை ஊதி மேல்தோல் பிளந்துக்கும். இதுல மட்டும் விதி தலைகீழ்: தண்ணி ஆகாது, ஆல்கஹால்ல லேசா நனைச்சுப் பிழிஞ்ச துணி ஆகும். மேல இருக்கிறது அரக்கு இல்லைங்கிறதால.

ஹிட் ஆஃப் தி வீக், 1930-லேருந்து 1932. காகித அட்டை மேல பிசின் பூச்சு. உலர்ந்த தூரிகை மட்டும்.

லேமினேட் 78. கொலம்பியா நிறைய போட்டது இந்த வகை. மேல நயமான அரக்கு, நடுவுல முரட்டுக் கலவை, இடையில காகிதம். முழுசா இருந்தா கழுவலாம். விளிம்புலயோ நடுவுலயோ மயிரிழை விரிசல் இருந்தா தண்ணி காகிதத்துக்குள்ள ஏறி உப்பிடும்.

கடைசியா லாக்கர் டிஸ்க். அலுமினியத்து மேலயோ கண்ணாடி மேலயோ நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு, நேரடியா வெட்டி ஒலிப்பதிவு பண்ணது. நடு ஓட்டையை எட்டிப் பார்த்தா உள்விளிம்புல உலோகமோ கண்ணாடியோ தெரியும். பலதுல லேபிள் பகுதியில கூடுதலா ஒண்ணோ மூணோ ஓட்டை இருக்கும், வெட்டும்போது தட்டு வழுக்காம இருக்க. ஆல்கஹால் இதையும் தின்னும்.

தட்டுப்பெட்டி:
பிரிச்சு அடுக்கினேன். வினைல் 78 ஒண்ணும் இல்ல. ஆனா ரெண்டு தட்டுல நடு ஓட்டை பக்கத்துல இன்னொரு ஓட்டை இருக்கு! கையெழுத்துல எழுதின லேபிள். மேல வெள்ளையா, கொழகொழப்பா ஒரு படலம். பூஞ்சைன்னு நினைச்சு முதல்ல கழுவ எடுத்து வெச்சிருந்ததே அதைத்தான்.

பழையமுள்:
கீழ வைங்க. பூஞ்சை இல்ல அது. லாக்கரை மிருதுவா வைக்க ஆமணக்கெண்ணெய் சேர்ப்பாங்க. வயசானதும் அது சிதைஞ்சு பால்மிட்டிக், ஸ்டியரிக் அமிலமா மேல கசியும், வெள்ளைப் படலமா நிக்கும். எண்ணெய் வெளியேறினா பூச்சு சுருங்குது, அடியில இருக்கிற அலுமினியம் சுருங்கல. ஒருநாள் மீன் செதில் மாதிரி உரிஞ்சு நிக்கும். தேய்ச்சா இன்னிக்கே உரியும்.

கையெழுத்து லேபிள்னா அநேகமா உலகத்துல அந்த ஒரு பிரதிதான். துடைக்காம, போட்டுக் கேக்காம, நேரா நிக்கவெச்சு, ஒலி ஆவணக்காப்பகம் ஏதாவதுல கேளுங்க. கழுவுறதும் டிஜிட்டல் ஆக்குறதும் அங்க ஒரே மேசையில நடக்கும். இந்த இழையில இருக்கிற எந்த முறையும் அதுக்கு இல்ல.

அவலரக்கு:
மத்த 78-க்கு வருவோம்.

கரைசல்: காய்ச்சி வடித்த நீர் 1 லிட்டர், அயனி சாராத நனைப்பான் (மின்னேற்றம் இல்லாத, தண்ணியைப் படரவைக்கிற சோப்பு மாதிரி திரவம்) 0.5 மி.லி. ஃபோட்டோ கழுவுறவங்க கடைசி அலசலுக்குப் போடுற நனைப்புத் திரவம் இருந்தா 1:200, அதாவது லிட்டருக்கு 5 மி.லி. அது ஏற்கெனவே நீர்த்து வர்றதால அளவு கூட. அதுல ஆல்கஹால் இல்லையான்னு மட்டும் பாட்டில்ல பார்த்துக்கோங்க. சொட்டுக் கணக்கு வேண்டாம், 1 மி.லி. சிரிஞ்ச் வாங்கி வெச்சுக்கோங்க. கெட்டியான திரவத்துல ஒரு சொட்டு எவ்வளவுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

தட்டைப் படுக்க வைக்கிற இடம் முக்கியம். சமதளத்து மேல ரப்பர் விரிப்பு, தட்டு முழுசும் அதுல உக்காரணும். மடிச்ச துண்டு மேல வெச்சு அழுத்தினா, மடிப்பு இருக்கிற இடத்துல 'டக்'னு ஒரு சத்தம் வரும். அதுக்கப்புறம் கழுவ ஒண்ணும் இருக்காது. 78 உடையுறது கீழ விழுந்துதான்னு நினைப்போம், கழுவுற மேசையில உடையுறதும் குறைவில்ல.

லேபிளை மூடுங்க. ரப்பர் வளையம் வெச்ச ரெண்டு வட்டு, நடுவுல திருகுன்னு லேபிள் காப்பான் கிடைக்கும். இறுக்கும்போது விரல் பலம் போதும்.

முதல்ல உலர் தூரிகை, மிருதுவான ஆட்டுமயிர் பிரஷ், க்ரூவ் போற திசையிலேயே. உலர்ந்த மண்ணை எடுக்காம நனைச்சா சேறாகி அடியில போய் உக்காந்துக்கும். அப்புறம் கரைசல் 5 மி.லி. ஒரு பக்கத்துக்கு. இந்த அளவுக்குக் காரணம் இருக்கு. எல்பி க்ரூவ் அகலம் சுமார் 0.05 மி.மீ., 78-ல சுமார் 0.15. ஆழமும் அதே கணக்குல கூட. எல்பிக்குப் போதுற 3 மி.லி.யை 78-ல ஊத்தினா மேடு நனையும், பள்ளத்துல காத்து நிக்கும்.

ஊத்தினதும் பாருங்க. சுத்தத் தண்ணின்னா முத்து முத்தா உருண்டு நிக்கும். நனைப்பான் சரியா கலந்திருந்தா ரெண்டு மூணு விநாடில உருண்டை தளர்ந்து படர்ந்து, க்ரூவுக்குள்ள இழுத்துக்கும். மேல ஒரே சீரா கருப்புக் கண்ணாடி மாதிரி தெரியும். அப்படி ஆகாத இடம் எண்ணெய்ப் பிசுக்கு. அங்க இன்னும் அஞ்சாறு சொட்டு.

மெல்லிய நைலான் தூரிகையால மூணு சுத்து அப்படி, மூணு சுத்து இப்படி. பிரஷ் எடையே போதும், அழுத்தாதீங்க. நீர் பட்டதுலேருந்து துடைக்கிற வரைக்கும் ரெண்டு நிமிஷத்துக்கு மேல போகக்கூடாது. உள்ளே இருக்கிற நிரப்புப்பொடியும் நாரும் ஈரம் குடிக்கும். ஊறவைக்கிறது அரக்குக்குக் கிடையவே கிடையாது.

அப்புறம் வெறும் காய்ச்சி வடித்த நீர் 5 மி.லி., அதுக்குன்னே தனி பிரஷ். ஒத்தி எடுங்க. இன்னொரு தடவை அதே மாதிரி. முதல் துணி கருப்பாத்தான் வரும், பதறாதீங்க. ரெண்டாவது அலசல்லயும் கருப்பு குறையாம, துணி பிசுபிசுன்னு இழுத்தா நிறுத்துங்க. அழுக்கு இல்ல அது, தட்டு.

செங்குத்தா ரேக்ல நிக்கவெச்சு ராத்திரி முழுக்க. வெயில், ஹேர் டிரையர் கூடாது.

கடைசிவரி:
அவலரக்கு ஐயா, இவ்வளவு சடங்கு தேவையா என்று கேட்கத் தோன்றுகிறது. குழாய்த் தண்ணீரில் பாத்திர சோப்புப் போட்டு 78 கழுவுகிறவர்கள் ஏராளம். தட்டு ஒன்றும் கரைந்து போய்விடவில்லையே.

அவலரக்கு:
கரையாது, சரிதான். தீங்கு இல்லாத சோப்பா இருந்து, நல்லா அலசினா பாட்டும் நல்லாவே கேக்கும். நான் தடுக்கிறது ரெண்டை: குழாய்க்கு நேர் கீழ பிடிக்கும்போது லேபிள் நனையுறதும், ஈரக்கை வழுக்குறதும். அப்புறம் பாத்திர சோப்புல இருக்கிற நிறம், மணம், கெட்டியாக்கப் போடுற உப்பு. அது தட்டுக்கு எதிரி இல்ல, அலசலுக்கு எதிரி.

கடைசிவரி:
ஏற்றுக்கொள்கிறேன். பூஞ்சையைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். நனைப்பதற்கு முன் உலர்வாக எடுக்க வேண்டும். ஈரப்படுத்தினால் வித்துகள் க்ரூவுக்குள் கூழாகிப் படியும். வீட்டுக்குள் வேண்டாம், திறந்த வெளியில் செய்யுங்கள். என்95 முகக்கவசம் அணிந்து, காற்று உங்களிடமிருந்து விலகிப் போகும் திசையில் தட்டைப் பிடித்து, மெல்லிய பிரஷால் வெளிப்புறமாகத் தள்ளுங்கள். அந்தப் பிரஷ் பிறகு எந்தச் சுத்தமான தட்டிலும் படக்கூடாது. பழைய காகித உறையைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். அதில் அச்சோ குறிப்போ முக்கியமென்றால் படம் எடுத்துவிட்டு, தனிப் பையில் போட்டு ஒட்டி வையுங்கள்.

கழுவிய பிறகும் மங்கலான புள்ளிகள் நிற்குமானால் அவை பூஞ்சை அல்ல, பூஞ்சை தின்ற பள்ளம். அரக்குத் தட்டின் கலவையில் சேர்ந்திருக்கும் நார் போன்ற இயற்கைப் பொருள்கள் பூஞ்சைக்கு நல்ல தீனி. அந்தப் புள்ளியில் முள் 'சரக்' என்று உரசத்தான் செய்யும், எத்தனை முறை கழுவினாலும். வினைலை அது அப்படித் தின்பதில்லை. மேலே படிந்த அழுக்கில்தான் வளரும், ஆகவே எல்பியில் பெரும்பாலும் முழுதாகப் போய்விடும். எல்பியில் பிடிவாதமான கறைக்கு நொதி சேர்ந்த கரைசலை 5 முதல் 10 நிமிடம் காயவிடாமல் வைத்து, இரண்டு முறை அலசுங்கள்.

முப்பத்துமூணு:
இப்ப எல்பி. முதல் பதிவுல இருக்கிற திட்டத்துல பெரிய ஓட்டை ஆல்கஹால் இல்ல, "அப்படியே காயவிடுறது"ங்கிறதுதான்.

கணக்கு போட்டுக் காட்டுறேன். 12 அங்குல தட்டுல ஒரு பக்கத்துப் பரப்பு சுமார் 600 சதுர செ.மீ. 4 மி.லி. ஊத்தினா 0.07 மி.மீ. படலம், க்ரூவை நிரப்பி மேல கொஞ்சம் மிஞ்சும். அந்தக் கரைசல்ல 0.5% நனைப்பான் இருந்து அப்படியே காய்ஞ்சா, ஒரு பக்கத்துல 20 மி.கி. சோப்பு. 500 பிபிஎம் (பத்து லட்சம் பங்குல 500) உப்புத் தண்ணி 4 மி.லி. காய்ஞ்சா மிஞ்சுறது 2 மி.கி.தான். எல்லாரும் தண்ணியைப் பத்தி சண்டை போடுறோம், பத்து மடங்கு குப்பை நாமளே அளந்து ஊத்தினது.

அதனால அலசல். ஒத்தி எடுத்தப்புறம் தட்டுல அரை மி.லி. கரைசல் மிஞ்சுதுன்னு வைங்க. 4 மி.லி. சுத்த நீர் ஊத்திக் கலக்கி எடுத்தா ஒன்பதுல ஒரு பங்கா நீர்த்துடும். ரெண்டாவது தடவை எண்பத்தொண்ணுல ஒரு பங்கு. ஒரே தடவை 8 மி.லி. ஊத்தினா பதினேழுல ஒரு பங்குதான். அளவைக் கூட்டாதீங்க, தடவையைக் கூட்டுங்க. அலசல் நீர் மட்டும் காய்ச்சி வடிச்சதா இருக்கட்டும். ஆர்.ஓ. 50 பிபிஎம்னா பரவாயில்ல, ஆனா அதை அளந்து பார்த்திருக்கணும்.

கரைசலுக்கு அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தோட பழைய கலவை ஒண்ணு ரொம்ப நாளா சுத்துது: டெர்ஜிட்டால்ங்கிற நனைப்பான்ல 15-எஸ்-3, 15-எஸ்-9 ரெண்டு வகையும் 100 பங்கு நீருக்குக் கால் கால் பங்கு. லிட்டருக்கு 2.5 மி.லி. வீதம். எஸ்-3 தண்ணில கரையாது, மேல எண்ணெய் மாதிரி மிதக்கும். எஸ்-9-தான் அதைத் தாங்கிப் பிடிக்கும். கலவை பால் நிறத்துல இருக்கும், ஒவ்வொரு தட்டுக்கும் முன்னாடி குலுக்கணும். குலுக்க மறந்தா கடைசித் தட்டுக்கு எண்ணெய் மட்டும் கிடைக்கும். நல்லா வேலை செய்யும், ஆனா ரெண்டு அலசல் கட்டாயம். சாதாரண தூசிக்கு அவலரக்கு சார் சொன்ன 0.5 மி.லி. கரைசலே எனக்குப் போதும்னு படுது.

எல்பியை ரெண்டு மூணு நிமிஷம் ஊறவிடலாம், ஆனா காயக்கூடாது. தண்ணி 35 டிகிரிக்கு மேல வேண்டாம். வெந்நீர் ஊத்தினா அழுக்கு சீக்கிரம் போகும்தான், தட்டும் கூடவே வளையும்.

கடைசிவரி:
எல்பியில் ஆல்கஹால் கூடவே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வினைலிலிருந்து மிருதுவாக்கியை உறிஞ்சிவிடும் என்பார்கள். எல்பி தட்டு மழைக்கோட்டுத் துணி போன்றதல்ல. வினைல் குளோரைடும் வினைல் அசிட்டேட்டும் சேர்ந்த கோபாலிமர் (கூட்டுப் பிளாஸ்டிக்), அதில் அப்படி உறிஞ்சி எடுக்கத் தனி எண்ணெய் அதிகம் கிடையாது. விரல் எண்ணெய்க்கும் புகையிலைப் படிவுக்கும் 10 முதல் 20% கலவை, ஒரு நிமிடத்துக்குள் எடுத்துவிட்டால், நல்ல பலன் தரும்.

முப்பத்துமூணு:
ஒத்துக்கிறேன், ஒரே நிபந்தனையோட: அலசல் உண்டுன்னா. நனைப்பான் எண்ணெயைப் பிரிச்சு நீர்ல தூக்கி வெச்சிருக்கும். ஆல்கஹால் எண்ணெயைக் கரைச்சுப் பரப்பிட்டு, தான் மட்டும் ஆவியாயிடும். எடுத்து வெளியே கொண்டுபோக ஏதாவது வேணுமே. இன்னொண்ணு: லேபிள்ல தங்க மசி அச்சு இருந்தா ஆல்கஹால் பட்டதும் கலைஞ்சுடும்.

தட்டுப்பெட்டி:
மர வேலைக்குப் போடுற வெள்ளைப் பசையைத் தடவி உரிச்சு எடுக்கிற முறை எப்படி? வீடியோவுல பார்க்க அற்புதமா இருக்கு.

பழையமுள்:
உரிச்சு எடுக்கும்போது பார்க்க அற்புதம்தான். வினைலுக்கு மட்டும். அரக்குல தடவினா, ஒண்ணு பசைத்தண்ணி ராத்திரி முழுக்க ஊறும், இல்ல உரிக்கும்போது தட்டும் கூடவே வரும்.

12 அங்குலத்துக்கு ஒரு பக்கம் 35-லேருந்து 40 மி.லி., அரை மில்லிமீட்டருக்கு மேல கனம் வரணும். மெல்லிசா போட்டா கிழிஞ்சு கிழிஞ்சு வரும். கடைசி வளையத்துல, விளிம்புல வழிய விடாதீங்க. வெள்ளை முழுக்கப் போய் கண்ணாடி மாதிரி ஆகுற வரைக்கும் காயணும், 12-லேருந்து 24 மணி நேரம். ஒரு இடம் பால் நிறமா இருக்கும்போதே உரிச்சா அந்த இடத்துல பசை தங்கிடும். அப்படித் தங்கினா நகத்தால சுரண்டாதீங்க, மேலயே புதுப்பசை தடவிக் காயவெச்சா ரெண்டும் சேர்ந்து வரும். உரிச்சதும் தட்டுல நிலைமின்சாரம் பயங்கரமா ஏறியிருக்கும், அறையில இருக்கிற தூசி எல்லாம் ஓடி வந்து ஒட்டும். 25 தட்டு, 50 பக்கம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு நாள். ஒண்ணு ரெண்டு பிடிவாதக்காரத் தட்டுக்கு வெச்சுக்கோங்க.

நுரைக்குமிழ்:
அல்ட்ராசோனிக் தொட்டி (காதுக்கு எட்டாத ஒலியலையால நீர்ல நுண்குமிழ் கிளப்பிக் கழுவுறது) பத்தி யாரும் பேசலையேன்னு வந்தேன். 40 கிலோஹெர்ட்ஸ், 6 லிட்டர் தொட்டி, மேல மெதுவா சுத்துற மோட்டார். நாலஞ்சு நிமிஷத்துக்கு ஒரு சுத்துன்னா 12-லேருந்து 15 நிமிஷத்துல மூணு சுத்து. தட்டுக்கும் தட்டுக்கும் 25 மி.மீ. இடைவெளி விடுங்க. நாலஞ்சு தட்டை நெருக்கி மாட்டினா நடுவுல இருக்கிறதுக்குக் குமிழ் போய்ச் சேராது, குளிச்சிட்டு அழுக்கோட வெளிய வரும். நீர் மட்டம் லேபிளுக்கு ஒரு விரக்கடை கீழ. தட்டு இறக்குறதுக்கு முன்னாடி 5 நிமிஷம் வெறுமனே ஓட்டினா நீர்ல கரைஞ்சிருக்கிற காத்து போகும். காத்து இருந்தா அலையைக் குஷன் மாதிரி வாங்கிக்கும், சுத்தம் ஆகாது.

ஏமாறுற இடம் வெப்பம். ஹீட்டரை அணைச்சு வெச்சாலும் அலையே தண்ணியைச் சூடாக்கும். மூணாவது சுற்றுல வெப்பமானியைப் பாருங்க, 35 தாண்டினா நிறுத்தி ஆறவிடணும். அப்புறம் நீர். ஒரு மைக்ரான் வடிகட்டி இல்லாம ஒரே தண்ணில இருபது தட்டு ஓட்டினா, முதல் தட்டோட அழுக்கு இருபதாவது தட்டுக்குப் போகும். மண் அப்பின தட்டை நேரா தொட்டில போடாம, கையால ஒரு தடவை கழுவிட்டு இறக்குங்க.

அரக்கு? சிலர் போடுறாங்க. நான் வேண்டாம்னுதான் சொல்வேன். கால் மணி நேரம் தண்ணில நிக்கணும், அதோட நிரப்புப்பொடியைக் குமிழ் கிளப்பாதுன்னு எந்த உத்தரவாதமும் இல்ல.

முப்பத்துமூணு:
உறிஞ்சு மெஷின் (தட்டு மேல இருக்கிற நீரை வேக்குவம்ல இழுக்கிறது) இருந்தா வேலை சுலபம். அழுக்கைக் காயவிடாம தண்ணியோட வெளியே எடுக்கிறது அது ஒண்ணுதான். வெல்வெட் பட்டை வெச்ச குழாய்னா கழுவலுக்கு ஒண்ணு, அலசலுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வைங்க. ஒரே குழாய்னா அலசின தட்டுல அழுக்குப் பட்டையைத்தான் தேய்க்கிறோம். ரெண்டு சுத்துக்கு மேல உறிஞ்சாதீங்க, காய்ஞ்ச வினைல்ல வெல்வெட் உரசினா நிலைமின்சாரம் ஏறும். கீத் மங்க்ஸ் மெஷின்ல பட்டையே கிடையாது. குழாய் முனைக்கும் தட்டுக்கும் நடுவுல ஒரு நூல், அது மெதுவா நகர்ந்துகிட்டே இருக்கும், எப்பவும் புது நூல்தான் தட்டுல படும். நேர்த்தின்னா அது.

தட்டுப்பெட்டி:
ஆல்கஹாலை ஓரம்கட்டிட்டு, சொன்ன அளவுல கரைசல் போட்டு மூணு எல்பி, ரெண்டு 78 முடிச்சேன், ரெண்டு அலசலோட. ரெண்டு எல்பி பளிச்னு இருக்கு. மூணாவது கழுவினதுக்கு அப்புறம் இன்னும் அதிகமா பொரியுது. பால் மங்கல் இருந்த தட்டு எதுலயும் இன்னும் கை வைக்கல. 78 ரெண்டும் சுத்தமா தெரியுது, ஆனா இரைச்சல் குறையல. எல்பி முள்ளுலதான் போட்டேன்.

பழையமுள்:
78-க்கு விடை உங்க கடைசி வாக்கியத்துலயே இருக்கு. எல்பி முள் நுனி ஆரம் சுமார் 18 மைக்ரான். 78 க்ரூவுக்கு 65-லேருந்து 75 மைக்ரான் வேணும். எல்பி முள் பாட்டு இருக்கிற சுவரைத் தொடாம, அடியில தரையில கிடந்து உருளுது. அங்க இருக்கிறது மிச்ச அழுக்கும் பழைய எஃகு ஊசி அரைச்சுப் போட்ட பொடியும். சரியான முள் மாத்திட்டு அப்புறம் தீர்ப்பு சொல்லுங்க. அப்பவும் சீரான ஒரு 'ஷ்ஷ்' இருக்கும். அது நிரப்புப்பொடியோட சத்தம், கழுவி எடுக்க முடியாது. சாம்பல் நிறமா பட்டை பட்டையா தெரிஞ்சா கனமான சவுண்ட்பாக்ஸ் (பழைய கிராமபோனோட ஊசித்தலை) தேய்ச்ச தேய்மானம். அதுவும் போகாது.

அந்த மூணாவது எல்பி: சத்தம் ஒரே இடத்துல திரும்பத் திரும்ப வருதான்னு கடிகாரம் வெச்சுக் கேளுங்க. 33⅓-ல ஒரு சுத்துக்கு 1.8 விநாடி. அதே தாளத்துல 'டிக்' வந்தா கீறல். இடம் மாறி மாறி வந்தா அழுக்கோ நிலைமின்சாரமோ. உரத்த இடத்துல, அதுவும் கடைசிப் பாட்டுல மட்டும் கரகரத்தா தேய்மானம். கழுவினதும் கூடுச்சுன்னா, முன்னாடி யாரோ ஈரமா வெச்சே ஓட்டின தட்டா இருக்கலாம். முள் முன்னாடி திரவம் விடுற கையை மாட்டிக் கேட்ட காலம் ஒண்ணு இருந்துச்சு. அந்தத் தட்டு காய்ஞ்சதும் அடியில இருக்கிற படிவு பொரியும். ஒரு கழுவல் அதை இளக்கும், எடுக்காது. பத்து நிமிஷம் ஊறல், ரெண்டு அலசல்னு ரெண்டு மூணு தடவை செய்யுங்க. ஒவ்வொரு தடவைக்கும் அப்புறம் ஒரு பக்கம் ஓடவிட்டு முள்ளைப் பாருங்க. நுனியில சாம்பல் பஞ்சு மாதிரி சேர்ந்தா இன்னும் வெளிய வந்துகிட்டு இருக்குன்னு அர்த்தம். முள்ளைப் பின்னாடியிருந்து முன்னாடி மட்டும் துடைங்க.

பால் மங்கலைச் சாய்ச்ச வெளிச்சத்துல பாருங்க. உறையோட மடிப்பு, சுருக்கம் அப்படியே தட்டுல படம் மாதிரி தெரிஞ்சா, மிருதுவான பிவிசி உறையில இருந்த மிருதுவாக்கி தட்டுக்குள்ள ஏறினது. மேல இருக்கிற எண்ணெயைக் கழுவலாம், உள்ள ஏறினதை முடியாது.

நுரைக்குமிழ்:
அதனால கழுவினதைப் பழைய உறையில திருப்பிப் போடாதீங்க. எல்பிக்கு ஹெச்டிபிஇ (அடர்த்தியான பாலிதீன்) உள்ளுறை, 78-க்கு அமிலமில்லாத காகிதம். ரெண்டையும் நேரா நிக்க வைங்க, அறை ஈரப்பதம் 40-50%.

தட்டுப்பெட்டி:
முள் ஆர்டர் போட்டாச்சு. கடைசியா ஒண்ணு: நாலு 78-ல விளிம்புலேருந்து லேபிள் வரைக்கும் மயிரிழை விரிசல். லேமினேட்டா இல்லையான்னு தெரியல. கழுவலாமா?

அவலரக்கு:
நனைக்காதீங்க, எந்த வகையா இருந்தாலும். தண்ணி விரிசலுக்குள்ள இழுத்துக்கும், உள்ள இருக்கிற அழுக்கையும் கூட்டிட்டுப் போகும். காயும்போது ரெண்டு ஓரமும் ஒரே மட்டத்துக்குத் திரும்பாது. உலர் தூரிகை மட்டும், அதுவும் விரிசலுக்குக் குறுக்க போகும்போது தூக்கி எடுத்து அந்தப் பக்கம் வைங்க. எடுக்கும்போது ஒரு ஓரத்தை மட்டும் பிடிச்சுத் தூக்காம ரெண்டு கையாலயும், விரிசல் இருக்கிற பக்கத்தை ஒரு கை முழுசா தாங்குற மாதிரி எடுங்க. ரேக்ல நிக்க வைக்கும்போது விரிசல் மேல் பக்கம் இருக்கட்டும், கீழ இருந்தா தட்டோட எடை அதைப் பிளக்கும். புது முள் வந்ததும் முதல்ல இந்த நாலையும் ஒரு தடவை ஒலிப்பதிவு பண்ணிடுங்க, மத்ததெல்லாம் அப்புறம்.